கடலோரக் காரின் வயதைக் கிலோமீட்டரில் கணக்கிடலாமா?

பழைய கார் வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றுதான். அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: "சஸ்பென்ஷன் போல்ட்டைக் கழற்ற முடியுமா?"

இங்கே ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், காருக்கு அடியில் படிந்த உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையும். மழை இல்லாத நாளிலும் இரும்பின் மேல் உப்புநீர் நிற்கும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. கார் போல்ட் எந்த மூலைக்கு?

ஏன் போல்ட்டில் ஆபத்து?

சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மை, ரப்பர் புஷ் வழியாகப் போகும் ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. புஷ்ஷின் நடுவில் இரும்புக் குழாய் உண்டு. போல்ட்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடுக்கில் உப்புநீர் புகுந்தால் வெளியே வராது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக இறுகிவிடும்.

வெளியே ஒன்றும் தெரியாது. வீல் அலைன்மென்ட்டுக்குப் போகும்போதுதான், "காக்கா, போல்ட் அசைய மாட்டேங்குது, அறுத்துத்தான் எடுக்கணும்" என்பார் மெக்கானிக். சரிசெய்யாமல் விட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். தரையோடு தாழ்ந்து வேகமாக ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் வளைவில் பிடிமானமே மாறும். அரித்து மெலிந்த போல்ட் ஓட்டத்தில் முறிந்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்து என்ன பயன்?

இறுகிவிட்டால் என்ன செய்வது?

முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயைப் பலமுறை அடித்து ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் சற்றே இறுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு தளர்த்த வேண்டும். எடுத்ததுமே கேஸ் கட்டரைக் கொண்டுவந்தால் ரப்பர் புஷ் கருகும், பக்கத்தில் பிரேக் ஹோஸும் பெட்ரோல் குழாயும் இருக்கின்றன. வராவிட்டால் புஷ்ஷின் இரு பக்கமும் போல்ட்டை அறுத்து, போல்ட், நட், புஷ் மூன்றையும் புதிதாகப் போடுவதே நல்லது.

அந்தப் போல்ட்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தலையில் உள்ள 8.8, 10.9 என்ற எண்கள் அதன் வலுவைச் சொல்பவை. கம்பெனி போட்ட எண்ணுக்குக் குறையக் கூடாது. துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் மாட்டுவதும் தவறு. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ், 10.9 அளவுக்கு வலுவானதல்ல. புஷ்ஷுக்குள் போகும் பகுதியில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவலாம். மரையில் தடவினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். கடைசி முறுக்கை, சக்கரம் தரையில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் போட வேண்டும். இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்.

வராமல் தடுக்க

மாதம் ஒருமுறை காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியும் பயனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் மெழுகு வகை துருத்தடுப்பு அடிக்கலாம், பிரேக் டிஸ்க்கில் படாமல். துருவின் மேலேயே கெட்டியான கறுப்புப் பூச்சை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, மாதக்கணக்கில் உறை போட்டு நிற்கும் கார்கள் இங்கே நிறைய. ஓடாத கார் கெடாது என்று நினைக்க வேண்டாம். உறைக்குள் ஈரம் காய்வதில்லை.

யார் பார்ப்பது?

வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சொந்தக் காரின் பதிவோ 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை யாரும் அடியில் குனிந்து பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை. சர்வீஸ் புத்தகத்துக்கும் பெரும்பாலும் தஞ்சாவூரும் ஒன்றுதான், அதிராம்பட்டினமும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் பனிக்காலச் சாலையில் உப்பு தூவுவார்கள். பிக்கப் உள்ளிட்ட வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்த வழக்கில், டொயோட்டா 2016-ல் சுமார் 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. உப்பு என்பது ஓட்டுபவரின் கவனக்குறைவு மட்டுமல்ல, வண்டி தயாரிப்பவரும் கணக்கில் எடுக்க வேண்டியது என்பதற்கு அது சாட்சி.

நாம் கேட்பது பெரிதல்ல. கடலோர சர்வீஸ் சென்டர்கள் ஆண்டுக்கு ஒருமுறை காரைத் தூக்கி, சஸ்பென்ஷன் போல்ட்டுகளைப் பார்த்து, நிலையை ஜாப் கார்டில் எழுதித் தரட்டும். அவர்களாகத் தராவிட்டால் நாம் கேட்டு வாங்குவோம். பத்து நிமிட வேலை அது.