காசுக்கு வாங்கின வேகம்

எங்கட ஊரில் வேகம் எண்டால் என்ன? மருதனார்மடத்தில் இருந்து சுன்னாகம் வரைக்கும் காங்கேசன்துறை வீதியில், சைலென்சரை வெட்டின மோட்டச்சைக்கிளில், ஒரு கையால் போனைப் பிடிச்சபடி பறக்கிறது. அந்தச் சத்தம் உடுவில் ஒழுங்கைகளுக்குள்ளயும் கேட்கும். கொஞ்ச நாள் போக, அதே வீதியின் மின்கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை தொங்கும். இருபது வயசுப் பெடியன், பின்னுக்கு அவன்ர பைக். எங்களோட ரியூசனில் ஒரே வாங்கில் இருந்தவங்களின்ர முகங்களையும் நாங்கள் அப்படிப் பார்த்திருக்கிறம்.

அந்தப் பெடியளைத் திட்டுறதுக்கு ஊரில் ஆக்கள் நிறைய இருக்கினம். நாங்கள் கேட்கிற கேள்வி வேற. அந்த வேகத்தில் எங்கட எண்டு சொல்ல என்ன இருக்கு? எஞ்சின் வேற ஆரோ செய்தது. காத்தை வெட்டுற மாதிரி முன்னுக்குப் பூட்டின பிளாஸ்டிக்கும் வேற ஆரோ வரைஞ்சது. காசு லீசிங் கம்பனியின்ர, இல்லாட்டி சுவிஸில் பனிக்குள்ள வேலை செய்யிற அண்ணன்ர. எங்கட பங்கு, அக்சிலேற்றரைத் திருகின கை மட்டும்தான். காசுக்கு வாங்கின இந்த வேகத்துக்குத்தான் உயிரைக் குடுக்கிறம்.

வேகத்தை வாங்காமல் செய்தால் எப்படியிருக்கும்? ஒரு சின்னக் கணக்குப் பார்ப்பம்.

100 சிசி மோட்டச்சைக்கிள் ஒண்டின்ர வலு ஏறத்தாழ 8 குதிரைவலு, அதாவது 6 கிலோவாட். நிமிர்ந்து இருந்து ஓடினால் 90, 95 கிலோமீற்றரோட அது மூச்சுவிடத் தொடங்கும். பிடிச்சு வைச்சிருக்கிறது ஆர்? காத்து. வேகம் இரண்டு மடங்கானால் காத்தின்ர எதிர்ப்பு நாலு மடங்காகும். அதைத் தள்ளத் தேவையான வலு எட்டு மடங்காகும். அதனால்தான் எஞ்சினைப் பெருப்பிச்சுக்கொண்டே போறது ஏழையின்ர வழியில்லை. மற்ற வழி, காத்துக்கு முன்னால் காட்டுற முகத்தைச் சின்னனாக்கிறது. படுத்த வாக்கில் இருந்து, முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் மெதுவாக ஒடுங்கிற மீன் மாதிரி ஒரு கூட்டுக்குள்ள ஓடினால், காத்தின்ர எதிர்ப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறையலாம். அதே 6 கிலோவாட், ரயரிலயும் செயினிலயும் போறதைக் கழிச்சாலும், 150 ஐத் தாண்ட வைக்கும். எஞ்சினில் ஒரு ஆணியும் மாத்தவில்லை.

நம்ப ஏலாமல் இருந்தால், எஞ்சினே இல்லாத கதை ஒண்டு இருக்கு. 2016 செப்டெம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பற்றில் மவுண்டன் எண்ட சின்ன ஊருக்குப் பக்கத்தில், ரொட் றைக்கேட் எண்டவர் மணிக்கு 144.17 கிலோமீற்றர் ஓடினார். ஓடினது சைக்கிள். சமதரையில், பெடல் மிதிச்சு. வெளியில் இருந்து பார்த்தால் சில்லு வைச்ச வெள்ளை மாத்திரை ஒண்டு போற மாதிரி இருக்கும். உள்ளுக்குப் படுத்திருக்கிறவர் கமராவில்தான் வீதியைப் பார்ப்பார். அதைக் கட்டின ஏரோவெலோ குழுவைத் தொடங்கின இரண்டு பேரும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படிச்சவை. எங்கட மாமாவும் சித்தியும் குடியிருக்கிற அதே ரொறன்ரோதான். அங்கயிருந்து எங்களுக்கு ஐபோன் வந்தது, சப்பாத்து வந்தது. இந்தக் கதையை மட்டும் ஒருத்தரும் கொண்டுவரவில்லை.

காங்கேசன்துறை வீதியில் சைலென்சர் வெட்டின பைக்கை ஒரு சைக்கிள் முந்திப் போகும் எண்டால் சிரிப்பீங்கள். சிரியுங்கோ. ஆனால் சைக்கிளில் வளர்ந்த ஊர் இது. சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனம், மரக்கறி மூட்டையும் அதிலதான் சந்தைக்குப் போனது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன்ர வேலை, காசு வேணும்" எண்டு சொல்லுற பெரியாக்களுக்கு ஒரு பதில் இருக்கு. 1899 இல் கமி ஜெனற்சி எண்ட பெல்ஜியக்காரர் ஒரு மின்சாரக் காரில் முதல்முதலாக மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டினார். கார் குண்டு மாதிரி ஒடுங்கின வடிவம். ஆனால் அவர் இருந்தது அதுக்கு மேல, இடுப்புக்கு மேல முழு உடம்பும் காத்துக்குள்ள. சில்லுகளும் வெளியில. வடிவத்தில் கிடைச்ச லாபத்தில் பெரும்பகுதியை அவரே திருப்பிக் குடுத்திட்டார். பிழைவிட்டுத்தான் எல்லாரும் பழகினவை. நியூசிலாந்தின் தெற்குக் கோடி ஊரில் இருந்த பேட் மன்றோ, 1920 இல் வாங்கின இந்தியன் ஸ்கவுற் மோட்டச்சைக்கிளைத் தன்ர கொட்டிலுக்குள்ள வைச்சு நாற்பது வருசத்துக்கு மேல நோண்டினார். பிஸ்ரனைப் பழைய தகர டின்னில் தானே வார்த்தார். மேல்கூட்டைத் தானே செய்தார். புதுசில் 90 ஐ எட்டாத வண்டி, 1967 இல் பொனவில் உப்புவெளியில் மணிக்கு 295 கிலோமீற்றர் ஓடியது. அப்ப அவருக்கு 68 வயசு.

தமிழனிலயும் ஆள் இருக்கு. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைச்சு ஒற்றையாள் பந்தயக் கார் செய்தவர். அவர் மில் குடும்பத்துப் பிள்ளை, காசு இருந்தது, உண்மைதான். ஆனால் வெளிநாட்டுக் காரை இறக்கிக் காட்டிக்கொண்டு திரியிறதோட அவர் நிக்கவில்லை. உள்ளூரில் மலிவாகக் கட்டினால்தான் மற்றவங்களும் ஓட வருவாங்கள் எண்டு கட்டினார். 1995 இல் விமான விபத்தில் இறந்தார். கோவையில் இருக்கிற பந்தயப் பாதைக்கு இண்டைக்கும் அவற்ற பேர்தான்.

இனி எங்கட கதைக்கு வருவம். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நிண்டது. எங்கட அப்பாமார் என்ன செய்தவை? காபரேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினவை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டவை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இண்டைக்கும் எங்கட வீதியில் ஓடுதெண்டால், கடையில் கிடைக்காத சாமானை இஞ்ச லேத்தில் கடைஞ்சு போட்ட கைகள்தான் காரணம். பட்டறை அறிவு எங்களுக்குப் புதுசில்லை.

ஆனால் பெரியாக்களோட எங்களுக்கு ஒரு கோபம் இருக்கு. இந்தக் கதைகளை வீரக்கதையாகச் சொல்லுவினம். அதே மூச்சில், கராஜில் நிக்கிற பெடியனைக் காட்டி "படிக்காட்டி உனக்கும் இந்தக் கதிதான்" எண்டும் சொல்லுவினம். 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. அதுக்குப் போற பிள்ளையைப் பார்த்து "கணிதம் ஏலாமல் போட்டுதோ?" எண்டு கேட்கிறதும் இதே ஆக்கள்தான். 2022 இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நிண்டம். சைக்கிளெல்லாம் கொட்டிலால் வெளியில் வந்தது. பெற்றோல் வந்தவுடன சைக்கிள் திரும்பக் கொட்டிலுக்குள்ள போனது. கழுத்தை நெரிச்சால்தான் எங்கட மூளை வேலை செய்யுமோ? தடை இல்லாத நாளில் ஒண்டைச் செய்து பார்க்க எங்களுக்கு ஏன் ஏலாது?

சாமான் இல்லை எண்டு சொல்ல ஏலாது. மீன் வடிவக் கூடு செய்யிறதுக்குப் பைபர் வேலை தெரியவேணும். காரைநகர் சீநோரில் பைபர் படகு கட்டின மண் இது. உடைஞ்ச படகுக்குப் பைபர் ஒட்டுற ஆள் கரையோர ஊர் எல்லாத்திலயும் இருக்கிறார். காத்துத் தெரியாது எண்டும் சொல்ல ஏலாது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போய்ப் பாருங்கோ. வாடைக் காத்தில், ஆளைவிடப் பெரிய பட்டத்தை முச்சை கட்டி, விண் பூட்டி, கூவவிட்டு ஏத்திற பெடியள் நிக்கிறாங்கள். முச்சையில் அரை அங்குலம் பிசகினால் பட்டம் என்ன செய்யும் எண்டு அவங்களுக்குத் தெரியும். அதைப் பௌதிகவியல் எண்டு அவங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மொழியும் சாட்டில்லை. உடுவிலில் இருந்து சைக்கிள் மிதிச்சுப் போகக்கூடிய மானிப்பாயில், 1847 இல் வந்த சாமுவேல் கிறீன் ஐரோப்பிய மருத்துவத்தைத் தமிழில் எழுதிப் படிப்பிச்சார். இண்டைக்குக் காத்தியக்கத்தைப் பற்றித் தமிழில் தேடினால், பரீட்சைக்குப் பாடமாக்கிற பேணூயி சமன்பாட்டுக் குறிப்புத்தான் கிடைக்குது.

"வேகத்தை ஊக்குவிச்சு இன்னும் பெடியளைச் சாக விடப்போறீங்களோ?" எண்டு கேட்பீங்கள். நியாயமான கேள்வி. நில வேகப் பந்தயத்தில் முந்துறதுக்கு எதிராளி இல்லை. வீதியை மூடிப்போட்டு, ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். கார்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்ள இரண்டு திசையிலயும் ஓடி, இரண்டின்ர சராசரியைத்தான் சாதனை எண்டு எழுதுவினம், பின்காத்து ஒருத்தருக்கும் பரிசு குடுக்கக்கூடாது எண்டு. இந்தச் சைக்கிள்களுக்கோ, காத்து மணிக்கு 6 கிலோமீற்றரைத் தாண்டினால் சாதனை செல்லாது. ஆபத்து இல்லை எண்டு நாங்கள் பொய் சொல்லமாட்டம். மூடின கூட்டைப் பக்கக் காத்துத் தள்ளி விழுத்தும். அதனால்தான் முதல் ஓட்டம் 30 இல் தொடங்கவேணும், ஹெல்மெற்றோட, கூட்டுக்குள்ள பாதுகாப்புக் கம்பியோட. பொறுமையும் அளவும் இல்லாதவன் இந்த விளையாட்டில் வெல்லவே மாட்டான். சைலென்சரை வெட்டுறதுக்கு அந்த இரண்டும் தேவையில்லை.

தொடங்கிறதுக்கு லட்சக்கணக்கு வேண்டாம். கொட்டிலில் கிடக்கிற பழைய சைக்கிள் ஒண்டு. விடியப்புறம், காத்து எழும்ப முதல், ஆள் நடமாட்டமில்லாத நேரான துண்டு வீதி ஒண்டு. 25 கிலோமீற்றர் வேகம் வந்தவுடன மிதிக்கிறதை நிப்பாட்டி, தானாக எவ்வளவு தூரம் உருளுது எண்டு அளவுங்கோ. பிறகு மூங்கில் வரிச்சும் பொலித்தீனும் வைச்சுக் கூடு கட்டித் திரும்ப உருட்டி அளவுங்கோ. கூட்டில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிப் பக்கத்தில் இருந்து போனில் வீடியோ எடுங்கோ. நூல் படிஞ்சு கிடக்கிற இடத்தில் வடிவம் சரி. நூல் துடிக்கிற இடத்தில் காத்து பிரியுது, அதைத் திருத்தவேணும்.

நாங்கள் இரண்டு சைக்கிளோட தொடங்கப் போறம். வெல்டிங் தெரிஞ்ச ஆளும் பட்டம் கட்டத் தெரிஞ்ச ஆளும் வேணும், பெட்டையளும் வாங்கோ. முதல் கூடு கோணலாகத்தான் வரும். அந்தக் கோணல் எங்கட கையால் வந்ததாக இருக்கும். பதாகையில் போடுறதுக்கு எடுக்கிற படத்தைவிட, அதுக்குப் பக்கத்தில் நிண்டு எடுக்கிற படம் எங்களுக்குப் பெரிசு.