தலைப்பாகையோடு போகவில்லை

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பது நம்மவர் வாயில் எளிதாக வந்து விழும் பழமொழி. தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள், பதினைந்து நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து மீண்டவரைப் பார்க்கப் போகிறவர்கள், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் வாயில் இந்தப் பழமொழியையும் எடுத்துக்கொண்டே போகிறார்கள். ‘இனி ஒன்றுமில்லை, தைரியமாக இரு’ என்று முத்தாய்ப்பும் வைக்கிறார்கள். இவ்விடத்தில் அப்பழமொழி பொய். அந்தத் தைரிய உபதேசமோ பல வீடுகளில் கொடுமையாகவே முடிகிறது.

படவேட்டை எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையடிவாரம், ஒரு காலத்தில் சம்புவராயரின் தலைநகர், இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்கும் வாழைத்தோப்புக்கும் பேர்போன ஊர். தோப்பும் வயலும் உள்ள இடத்தில் பாம்பும் உண்டு, பூச்சிமருந்தும் உண்டு. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளும் உண்டு. எது அடித்தாலும் 108 வண்டியில் ஏறி, வடக்கே அடுக்கம்பாறைக்கோ வேலூருக்கோ, தெற்கே திருவண்ணாமலைக்கோ போக வேண்டியதுதான். 2008-இல் அந்த வண்டி தமிழகத்திற்கு வருவதற்கு முன்னால் வழியிலேயே மாண்டிருக்கக்கூடியவர்கள் இன்று பிழைத்து வருகிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிழைத்தவர் அதன்பின் எப்படி வாழ்கிறார் என்பதே என் கேள்வி.

கட்டுவிரியன் கடித்தவரை நினைத்துப் பாருங்கள். அதன் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பை அறுக்கிறது. இமை தூக்க இயலாது, நா அசையாது, மூச்சு விடும் தசைகளும் ஓய்கின்றன. ஆனால் அந்நஞ்சு அறிவை மறைப்பதில்லை. பார்ப்பவர் கண்ணுக்குப் பிணமாகத் தோன்றும் அம்மனிதர், கட்டிலருகே நடக்கும் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டே கிடக்கக்கூடும். ‘இது தேறாது’ என்று ஒருவர் முணுமுணுத்தால் அதையும் கேட்கிறார். வேறு நோயால் படுத்தவர்களின் நிலை வேறு விதம். மயக்க மருந்தும், தொற்றும், இரவு பகல் அறியாத விளக்கொளியும் சேர்ந்து சித்தம் கலங்கும். செவிலியர் தம்மைக் கொல்ல வருவதாகவும், யாரோ கட்டிக் கடத்திப் போவதாகவும் காண்பார்கள். (கட்டியது என்னவோ உண்மைதான், குழாய்களைப் பிடுங்காதிருக்கக் கையைக் கட்டி வைப்பதுண்டு.) வீடு திரும்பிய பின்னும் அக்காட்சிகள் விடுவதில்லை. உறக்கம் கெடுகிறது, கூலிக் கணக்குத் தப்புகிறது, பத்தடி நடந்தால் கால் நடுங்குகிறது, காரணமின்றிக் கோபம் பொங்குகிறது. ஊரார் ‘காற்று கருப்பு’ என்று சொல்லிக் கயிறு கட்டுகிறார்கள். 2010-இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர்களோ, உடல், அறிவு, மனம் ஆகிய மூன்றிலும் நீடிக்கும் இத்துயரைத் தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்த்தொகுதி என்று ஒரே பெயரிட்டு அழைத்தார்கள். குடும்பத்தாரின் மனத்துயரையும் அப்பெயருக்குள்ளேயே சேர்த்தார்கள்.

ஆம், குடும்பத்தார். தாழ்வாரத்தில் பாயை விரித்து, இட்லிப் பொட்டலத்தைப் பாதி உண்டு பாதி மடித்து வைத்து, ‘இன்னாருடைய ஆள் யார்?’ என்ற குரலுக்குத் திடுக்கிட்டு எழும் மனைவியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவள் போடுகிறாள். நாளை ஏதேனும் ஆனால், அந்தக் கையெழுத்தே தன் கணவனைக் கொன்றது என்று ஆயுளுக்கும் நினைப்பாள். பிழைத்து வந்தாலும் தாலிக்கொடி அடகில், தோப்பு போக்கியத்தில். இந்த நிலையில் அவளைப் பார்த்து, ‘நீ கல்நெஞ்சுக்காரி அம்மா, எதையும் தாங்குவாய்’ என்று பாராட்டுகிறோம். பாராட்டியவர் யாரும் அன்றிரவு அவளுக்காகக் கண்விழித்ததில்லை.

மனவலிமை என்பது அவரவர் பிறவிச் சொத்து என்று எண்ணுவதே நம் பிழை. அப்படி எண்ணுவது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. தேறியவன் வலியவன், தேறாதவன் கோழை என்று தீர்ப்பெழுதிவிட்டால் வேறெவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நம் பீடங்களிலிருந்தும் இதே குரல்தான் எழுகிறது: விசுவாசம் இருந்தால் மனம் சோராதாம்! பிழைத்து வந்தவனை மூன்றாம் வாரமே ஒலிபெருக்கி முன் நிறுத்திச் சாட்சியம் சொல்லச் செய்கிறோம். அவன் அன்றிரவும் அலறி எழுகிறான். எழுந்தபின், தன் விசுவாசம் போதவில்லை போலும் என்று வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. மாற்கு நற்செய்தியில் யாயிரின் மகளைக் குணமாக்கச் சென்ற ஆண்டவர் இப்படியா செய்தார்? கூச்சலிட்டவர்களை வெளியேற்றினார், தாயையும் தந்தையையும் உள்ளே அழைத்துக்கொண்டார். சிறுமி எழுந்தபின் அவளைச் சாட்சியம் சொல்லச் சொல்லவில்லை. உண்ணக் கொடுக்கச் சொன்னார்.

நம் மருத்துவமனைகள் பலவற்றிலோ தாயும் தந்தையும்தான் வெளியே. மாலையில் பத்து நிமிடம், அதுவும் கண்ணாடி வழியாக. கேட்டால் ‘இன்பெக்‌ஷன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உறவினரை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை அனுமதித்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. தொற்று குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. நோயாளியின் சித்தக்கலக்கம் குறையவும் இல்லை. இதை ஒளிப்பது நேர்மையாகாது. ஆனால் உறவினரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. பிரேசில் வரை போவானேன்? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்குவது வழக்கம். சித்தம் கலங்கியவரை வீட்டாரிடமிருந்து பிரித்துப் பூட்டுவதே உலக நடைமுறையாக இருந்த நாட்களில் இந்த வட்டாரமே காட்டிய வழி இது. அதைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு இப்பால் நிறுத்திவிட்டோம்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளின் செவிலியர், நினைவற்றுக் கிடப்பவருக்காக அன்றன்று நடந்ததை ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினார்கள், வீட்டாரும் எழுதுவார்கள். தேறிய பின் அது நோயாளியின் கைக்குப் போகும். ஆறு ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், நோட்டைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும், பெறாதவர்களில் 13 பேருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் புதிதாகத் தோன்றியிருந்தது. பிரான்சில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு அப்பலனைக் காணவில்லை. ஆகவே அது மருந்தென்று வாதாட மாட்டேன். ‘இன்று உன்னைக் கட்டியவர்கள் கள்வர் அல்லர், செவிலியர், உன் தங்கை வந்து காலைப் பிடித்துவிட்டாள், தோப்பில் வாழை குலை தள்ளியது’ என்று தொலைந்துபோன நாட்களை ஒருவனுக்குத் திருப்பித் தருவதற்கு ஆய்வின் அனுமதி வேண்டுமா என்ன?

அரசிடமும் ஒரு வழக்கு உண்டு. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. போற்ற வேண்டிய திட்டம். ஆனால் மணிக்கணக்கில் காட்டிய அக்கறையில் ஒரு துளியை, வீடு திரும்பிய 48-ஆம் நாளில் காட்ட ஆளில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை கொண்டு பெண்கள் வீடுவீடாக வருகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அந்தப் பெண்ணின் பட்டியலில், வென்டிலேட்டரிலிருந்து மீண்டவரின் பெயரும் அவருடைய மனைவியின் பெயரும் ஏறட்டும். ‘நடக்கிறாரா?’ என்று கேட்ட கையோடு ‘நீ தூங்குகிறாயா அம்மா?’ என்றும் அவர் கேட்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு படி, நோயாளியின் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் போய்ச் சேர வேண்டும்.