உலகைப் பங்கிட்ட ஊரில் ஒரு பகல்

ஸ்பெயின் தேசத்தின் தலைநகராகிய மட்ரிட்டில் நாலைந்து நாள் தங்குவோர், அவற்றுள் ஒரு நாளை அயலூர் ஒன்றைப் பார்த்துவர ஒதுக்குதல் வழக்கம். தொலேடோ, செகோவியா என்னும் இரு பெயர்களையே எல்லோரும் எடுத்துச் சொல்வர். அவை பார்க்கத் தக்கனவே, ஐயமில்லை. ஆயினும் நம் நாட்டிலிருந்து பிள்ளைகளோடு செல்லும் பெற்றோர்க்கும், சரித்திரம் பயிலும் மாணவர்க்கும் நான் முதலிற் சொல்லும் பெயர் வேறு. டூரோ நதியின் வடகரை மேட்டிலே, பத்தாயிரம் பேருக்கும் குறைந்த குடிகளோடு அமைந்திருக்கும் தொர்தெசில்லாஸ் என்னும் சிற்றூரே அது.

அந்த ஊரில் 1494 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆம் திகதி ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கொலம்பஸ் மேற்கே புதுத் தீவுகளைக் கண்டு திரும்பி ஓராண்டே கழிந்திருந்தது. எந்தக் கடல் எவருக்கு என்பதிலே ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் பிணக்கு மூண்டது. பாப்பரசர் 1493 இல் வகுத்த எல்லை போர்த்துக்கல் மன்னனாகிய இரண்டாம் யோவானுக்குத் திருப்தி தரவில்லை. ஆகவே கேப் வேர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில், வடக்குத் தெற்காகக் கடலின் மீது ஒரு கோட்டைக் கற்பனை செய்து, அதற்கு மேற்கே காணப்படுவன ஸ்பெயினுக்கு, கிழக்கே காணப்படுவன போர்த்துக்கலுக்கு என்று இரு தரப்பாரும் இணங்கினர். அந்நிலங்களிலே வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை.

கீழ்த்திசைக் கடல்வழி இங்ஙனம் போர்த்துக்கேயர் பங்காயிற்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுள் அவர்தம் கப்பல்கள் இலங்கைக் கரையை அடைந்தன. 1619 இல் யாழ்ப்பாண அரசும் அவர் கையில் வீழ்ந்தது. கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, பாண் என்று நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொற்களெல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை. அக்கோடு வேறு விதமாக வீழ்ந்திருந்தால் இவற்றை நாம் எப்படி அழைத்திருப்போமோ!

இனிப் பிரயாணத்துக்கு வருவோம். தொர்தெசில்லாஸிலே புகைவண்டி நிலையம் இல்லை. மட்ரிட்டிலிருந்து விரைவுப் புகைவண்டியில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வல்லாடொலிட் நகரை அடையலாம். அங்கிருந்து முப்பது கிலோமீற்றர் வரை பஸ்ஸிற் செல்ல வேண்டும். திங்கட்கிழமையை அறவே தவிர்த்துவிடுங்கள். அன்று பார்க்குமிடங்கள் பூட்டியிருக்கும். ஞாயிறு பிற்பகலும் உகந்ததன்று. மற்றை நாட்களிலும் மத்தியானம் இரண்டு மணியளவில் ஊரே கதவடைத்து இளைப்பாறப் போய்விடும். இதனை அறியாது பதினொரு மணிக்குப் புறப்படுவோர் மூடிய கதவுகளையே பார்த்துத் திரும்ப நேரிடும்.

ஆதலால் காலையிலேயே சாந்தா கிளாரா கன்னியர் மடத்துக்குச் செல்லுங்கள். பதினான்காம் நூற்றாண்டில் அரச மாளிகையாய் எழுந்து, 1363 இல் மடமாக மாறியது இது. கிறிஸ்தவ மன்னர்க்காக முஸ்லிம் கைவினைஞரின் மரபிலே கட்டப்பட்டமையால், மடத்தினுள்ளே பல இதழ் வளைவுகளும் அராபிய முறை நீராடு மண்டபமும் இருத்தல் கண்டு வியப்பீர்கள். கோயிலின் பொன்முலாம் பூசிய மரக்கூரையைக் கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்க்கலாம். வழிகாட்டியுடன் கூட்டமாகவே உள்ளே விடுவதால் முற்கூட்டியே சீட்டுப் பெறுதல் நன்று.

இம்மடத்தோடு தொடர்புடையது ஹுவானா அரசியின் துயரக் கதை. பேர்டினண்ட், இசபெல்லா தம்பதியரின் மகளாகிய அவள் 1504 இல் கஸ்தீல் நாட்டின் அரசியானாள். 1506 இல் கணவன் பிலிப் இறந்தான். அறிவு கலங்கியவள் என்று கூறி, தந்தை 1509 இல் அவளை இவ்வூர் மாளிகையிலே அடைத்து வைத்தான். பின்னர் மகன் சார்ள்ஸும் விடுவிக்கவில்லை. 1555 இல் இறக்கும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் பெயரளவில் அரசியாகவும் உண்மையில் கைதியாகவும் வாழ்ந்தாள். கணவனின் பிரேதப்பெட்டி பல்லாண்டுகள் சாந்தா கிளாரா மடத்திலேயே இருந்தது. அவள் உண்மையிலே பித்தியா, அன்றிப் பித்தியாக்கப்பட்டவளா என்று சரித்திர ஆசிரியர் இன்றும் வாதிடுவர். ஆட்சியைக் கைப்பற்றத் தந்தைக்கும் மகனுக்கும் இப்பழி மிக வசதியாயிருந்தது என்பதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

அவளுடன் சிறைப்பட்டு வளர்ந்தாள் கடைசி மகள் கத்தலினா. 1525 இல் மணமகளாக அங்கிருந்து புறப்பட்ட அப்பெண் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் யோவானின் பட்டத்தரசி ஆனாள். கோட்டை அரசன் ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் பொன்னுருவத்தை லிஸ்பனுக்கு அனுப்பி முடிசூட்டுவித்தது இந்த யோவான் மன்னனின் கையாலேதான். இலங்கைச் சிற்பிகள் கடைந்த தந்தப் பொருள்கள் கத்தலினாவின் சேகரத்திலும் இடம்பெற்றன. தாயின் அறைக்கப்பால் உலகைக் காணாது வளர்ந்த சிறுமியின் கைக்கு நம் நாட்டு யானைத் தந்தம் போய்ச் சேர்ந்த விந்தையை என்னென்பது!

ஹுவானா வாழ்ந்த மாளிகை இன்று இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலே இடித்துவிட்டார்கள். இதனாலேயே கதையறியாது போகிறவர்க்கு இவ்வூர் வெறும் கல்லும் மண்ணுமாகத் தோன்றும். புறப்படுமுன் ஒரு மாலைப்பொழுதிலே வீட்டிலிருந்து இச்சரித்திரத்தைப் பிள்ளைகளுடன் படித்துவிட வேண்டும். பயண ஆயத்தத்தில் பெட்டி கட்டுவதிலும் முக்கியமானது அது.

மத்தியான வேளையைப் பெருஞ்சதுக்கத்திலே கழிக்கலாம். தூண்கள் தாங்கிய விறாந்தைகள் நாற்புறமும் நிழல் தரும். ஆட்டுக்குட்டி வாட்டல் அப்பிரதேசத்தின் பேர்பெற்ற உணவு. சைவ உணவுக்காரர் சற்று விழிப்பாயிருத்தல் வேண்டும். வெள்ளைப்பூண்டுச் சூப்பிலே கூடப் பன்றியிறைச்சித் துண்டு மிதப்பதுண்டு.

கதவுகள் மீண்டும் திறந்தபின் நதிக்கரை மேட்டிலுள்ள உடன்படிக்கை மாளிகைகளுக்குச் செல்லுங்கள். பழைய தேசப்படங்கள் அங்கே உள்ளன. மூல ஏடுகள் அவ்விடத்தில் இல்லை. அவை செவில் நகரிலும் லிஸ்பனிலும் காக்கப்படுகின்றன. பின்னர்ப் பழைய கற்பாலத்தைக் கடந்து தென்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால், வெயில் சாயும் வேளையில் ஊர் முழுவதும் மேட்டின்மேல் நிரையாகத் தெரியும். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையில் இறங்கியவுடனேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.