நாடி பார்த்தவர் யோசனை சொல்லப் போகலாமா?

வைத்தியம் செய்துவந்த டாக்டர்களில் சிலர் இன்று அத்தொழிலை விட்டு, கம்பெனிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் யோசனை சொல்லும் உத்தியோகத்திற்குப் போகிறார்கள். ஆவூர்த் தோழர்கள் சிலர், "படித்த படிப்பு வீணாயிற்றே" என்று அங்கலாய்க்கிறார்கள். யோசனை யாருக்கு, எதற்கு என்பதைப் பொறுத்தே அதைச் சொல்லமுடியும் என்பது நமது அபிப்பிராயம்.

நமது புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை சட்டசபையின் உபதலைவரானார். பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1930-ல் மசோதா கொண்டுவந்தார். சாஸ்திரம் பேசியவர்கள் எதிர்த்தார்கள். ஆயினும் 1947-ல் அது சட்டமாயிற்று. அப்பெண்களுக்கு மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் துன்பம் தீர்ந்திருக்குமா? வேர் கோவில் வழக்கத்திலன்றோ இருந்தது! அம்மையார் வைத்தியத்தையும் மறந்தாரில்லை. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்டார்.

நிற்க, பில் தொகையை ஏற்ற முதலாளிக்கு வழி சொல்லும் யோசனையும் உண்டு. நோயாளியைத் தொடாமலே அவன் பணத்தில் பங்கு பெறும் இவருக்கும், தட்சணை வாங்கும் புரோகிதருக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே தோழர்களே, யோசனை சொல்லப் போகும் டாக்டரிடம் ஒன்றே கேளுங்கள்: உமது யோசனையால் ஏழையின் நோய் குறையுமா, செலவு கூடுமா?