'டப்... டப்...' சத்தம் எங்கிருந்து வருகிறது?

கோப்பெங் சாலையில் சிவப்பு விளக்கு பச்சையாகிறது. முன்னால் நிற்கும் கப்சாய் கிளம்பும்போது 'டப்... டப்...' என்று இரண்டு வெடி. எண்ணெய் முறுக்க முறுக்க வண்டி முனகுகிறதே தவிர, இழுக்க மாட்டேன் என்கிறது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். குனோங் ராபாட்டில் வேலைக்குப் போகும் நேரத்தில் ஐந்து நிமிடம் ரோட்டோரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்த்துவிடலாம்.

வேடிக்கை பார்க்கும் விஷயமில்லை இது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். லாரியை முந்தும்போது இழுவை போனால், எதிரே வரும் கார் நமக்காகக் காத்திருக்காது.

இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? முதல் வாரம் பிளக் மாற்றுகிறோம். அடுத்த வாரம் காயில். அதற்கடுத்து கார்பரேட்டர். பாதிச் சம்பளம் பட்டறையில் கரைந்த பிறகும் 'டப்' மட்டும் போகாது. பொருளை மாற்றுவதற்கு முன் சத்தத்தைக் கேட்க வேண்டும். வானொலியில் வேலை செய்பவர்களுக்குக் காதுதான் முதலீடு. மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

எங்கே வெடிக்கிறது?

பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கலவை மெதுவாக எரியும். உள்ளே நெருப்பு அணைவதற்குள் அடுத்த மூச்சுக்கு வால்வு திறந்துவிடும். நெருப்பு கார்பரேட்டர் பக்கமாகத் திரும்பி வரும். இருக்கைக்குக் கீழே, முன்பக்கம் 'டப்' என்று கேட்டால் இதுதான் முதல் சந்தேகம். ஜெட் அடைத்திருக்கலாம், பெட்ரோல் வரும் வழியில் அழுக்கு இருக்கலாம், கார்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இடத்தில் ரப்பர் வெடித்துக் காற்று கசியலாம்.

சைலன்சரில் வெடித்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் எஞ்சினைத் தாண்டிப் போய், சூடான குழாய்க்குள் தீப்பிடிக்கிறது. பிளக்கின் பொறி விட்டு விட்டு வருகிறதா, சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எப்போது வெடிக்கிறது?

எண்ணெயை விட்டு இறக்கத்தில் இறங்கும்போது மட்டும் என்றால், கேஸ்கெட் கசிவு அல்லது மெதுவோட்டக் கலவை. முழு வேகத்தில் மட்டும் மூச்சு வாங்கினால், பெட்ரோல் போதவில்லை, அல்லது ஃபில்டர் அடைப்பு. மழைக்குப் பிறகு மட்டும் என்றால் பிளக் மூடியும் ஒயரும். ஈப்போவின் மாலை மழையில் நனைந்த பழைய பிளக் மூடி எத்தனையோ பேரைத் தள்ளிக்கொண்டு போக வைத்திருக்கிறது.

அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு மட்டும் தகராறு செய்தால், நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே சரியாகிவிட்டால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பல நேரம் கழுவினாலே போதும். அப்படியும் தீராவிட்டால் காயில், வால்வு இரண்டையும் சந்தேகிக்கலாம்.

நம் ஊர் காரணங்கள்

குனோங் ராபாட், சிம்பாங் பூலாய் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. அந்தத் தூசியில் தினமும் போகிறவர்கள், புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரும்வரை ஏர் ஃபில்டரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், கறுப்புப் புகை வரும், இழுவை போகும். அதற்காகச் சில தம்பிகள் ஃபில்டரையே கழற்றி வீசிவிடுகிறார்கள். தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். கலவை கெட்டு வெடிப்பு இன்னும் கூடும்.

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும்போது மட்டும் கார்பரேட்டர் வண்டி சோர்ந்தால் பயப்பட வேண்டாம். தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். கீழே இறங்கியதும் சரியானால் அது கோளாறே அல்ல.

பிளக் சொல்லும் சேதி

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பழுப்பாக இருந்தால் நலம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் சூடேறுகிறது. வெளுத்த பிளக்கோடு வெடிப்பும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், பிஸ்டனுக்கே கேடு.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் வால்வு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற வண்டிகளில் அது 0.05 மில்லிமீட்டர்தான், ஒரு தாளின் பருமனில் பாதி. நாளாக நாளாக இது இறுகினால், சூட்டில் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும். இதை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே அளக்க முடியும். அதனால் வண்டியை முதல் நாள் இரவே பட்டறையில் விட்டுவிடுவது நல்லது. இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறதா, எத்தனை முறை மின்னுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் என்ன சொல்வது?

"அண்ணே, மோட்டார் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போமனும் குத்துமதிப்பாகத்தான் தொடங்குவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, சைலன்சர்லதான் வெடிக்குது. சூடான பிறகுதான். எண்ணெய விட்டா வருது, முறுக்குனா வரல. போன வாரம் மழையில நனைஞ்சுச்சு. பிளக் மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு." இந்த ஐந்து வரி அவருக்கு ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

பட்டறை வாசலில் போய் நின்றதும் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும் என்பது எல்லாரும் அறிந்ததே. அதனால் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். ஓட்டும்போது கையில் எடுக்க வேண்டாம். அந்தப் பதிவைப் போமனிடம் போட்டுக் காட்டுங்கள். எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன், "ஏன் மாத்தணும் அண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பொருளையும் வாங்கிப் பாருங்கள். நல்ல போமன் அதற்குக் கோபப்பட மாட்டார்.