நெஞ்சுப் படபடப்பும் மனப் பாரமும்

"நெஞ்சு அடைக்கிறது, தலை விறைக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது" என்று வைத்தியரிடம் செல்கிறோம். இரத்தமும் இருதயமும் சோதிக்கப்படுகின்றன. "ஒரு வருத்தமுமில்லை" என்ற பதிலோடு வீடு திரும்புகிறோம். நோவோ தீரவில்லை. "எல்லாம் வீண் யோசனை" என்கின்றனர் வீட்டார். அகதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய கதை.

அந்த நோவு பொய்யன்று. ஆபத்து வந்தவுடன் அட்ரினலின் இரத்தத்திற் கலந்து, இருதயத்தை விரைவாக அடிக்கச் செய்து, ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தப்படுத்துகின்றது. வால்டர் கனன் என்னும் அமெரிக்க உடற்றொழிலியலாளர் 1915 இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். ஷெல் விழுந்த நாட்களிற் பதுங்குகுழிக்கு ஓட உதவியதும் இதுவே. இன்று ஷெல் இல்லை. ஆயினும் விசா முடிவைச் சுமந்துவரும் கடிதமும், நள்ளிரவில் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும் உடலை அவ்வாறே உலுக்குகின்றன. ஓட வழியற்ற உடல் அந்த இறுக்கத்தை நோவாகச் சுமக்கின்றது. மனச்சோர்வும் இத்தகையதே, நித்திரையையும் பசியையும் அது பறித்துவிடுகின்றது. யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், பலரும் மனத்துயரை உடல் நோவாகவே வெளிப்படுத்தியதைப் பதிவு செய்துள்ளார்.

மனம் உடலை வருத்துவதுபோல, உடல்வழியே மனத்தை ஆற்றவும் இயலும். செபமாலைச் செபமும் பௌத்த மந்திரமும் ஓதுவோரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்து, இருதயத்தின் இயக்கமும் சீர்பெற்றதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2001 இல் வெளியிட்டனர். நம் மூத்தோரின் நாமசெபமும் பிராணாயாமமும் மூச்சை ஆறுதலாக்குபவையே. நாள்தோறும் பத்து நிமிடம் மூச்சை மெதுவாக இழுத்து, அதனிலும் மெதுவாக விடுங்கள். குளிர் நாடாயினும் அரைமணி நேரம் வெளியே நடவுங்கள்.

எனினும் புதிதாய் வரும் நெஞ்சுநோவை முதலில் வைத்தியரிடம் காட்டுவதே முறை. இரு வாரங்களுக்கு மேலாகத் துயரமும் நித்திரையின்மையும் நீடித்தால் அதனையும் மறைக்காது கூறுங்கள். அப்போது பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லாதீர்கள். பிள்ளையின் முன் தாய் தன் துயரைச் சொல்லமாட்டாள். சொன்னாலோ அந்தப் பாரம் பிள்ளையின் தலையில் ஏறும். வைத்தியசாலையிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவேண்டாம். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால் ஒரு கணமும் தாமதியாது அவசர உதவியை நாடுங்கள்.

"மனவருத்தம்" என்னும் சொல்லில் வருத்தமும் உண்டு. வருத்தத்துக்கு வைத்தியம் செய்வதில் வெட்கமென்ன?