மடல் அரங்கு யாருக்காக?

இதழ் நடத்தும் அன்பர் எவரைக் கண்டாலும் அவர்தம் முறையீடு ஒன்றாகவே இருக்கின்றது. "நல்ல கட்டுரைகள் வருகின்றன, உழைப்பில் குறையில்லை, ஆயினும் படிப்பவர் தொகை பெருகவில்லை" என்பர். அதற்கு அவர்கள் காணும் மருந்தும் ஒன்றே. வினாவிடைப் பகுதி, மடல் அரங்கு, சொற்போர் மேடை எனப் பெயர் எதுவாயினும், படிப்பவரைப் பேசவிட்டால் படிப்பவர் பெருகுவர் என்பதே அம்மருந்து.

மருந்து நல்லதே. பேச இடம் பெற்றவன் தன் பேச்சு அச்சேறிற்றா என்று பார்க்க அடுத்த இதழை வாங்குவான். வாங்கியதை அண்டை வீட்டாருக்கும் காட்டுவான். தன்னை மறுத்தவனுக்கு விடையிறுக்க அதற்கடுத்த இதழையும் எதிர்நோக்குவான். ஆனால் ஆள் சேர்ப்பதற்கென்றே அரங்கு திறப்பார்க்கும் அறிவு சேர்ப்பதற்காகத் திறப்பார்க்கும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டு. இதனை எண்ணாது இறங்குவோர் கையைச் சுட்டுக்கொள்வர். யாமே அவ்வாறு சுட்டுக்கொண்டவர்தாம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இம்முறை புதியதன்று. 1691ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சான் தன்டன் என்னும் நூல் வணிகர் 'ஏதெனியன் மெர்க்குரி' என்றோர் இதழைத் தொடங்கினார். எவரும் தம் பெயரை மறைத்து எவ்வினாவையும் எழுதி, இன்ன குளம்பிக் கடைக்கு அனுப்பலாம். 'ஏதென்சுக் கழகத்தார்' விடையிறுப்பர் என அறிவித்தார். இறையியல், இயற்கைநூல், காதல், திருமணம் என எல்லாப் பொருள் பற்றியும் வினாக்கள் வந்து குவிந்தன. பெரும்புலவர் அவையொன்று விடையெழுதுவதாக ஊர் நம்பிற்று. உண்மையில் அக்'கழகம்' தன்டனும், கணக்காசிரியர் இரிச்சர்டு சால்ட்டும், தன்டனின் உறவினர் சாமுவேல் வெசுலியும் ஆகிய ஒருகை விரலுள் அடங்கும் சிலரே! பின்னாளில் கலிவரின் பயணங்களை எழுதிப் புகழ்பெற்ற சுவிப்ட்டு, தம் இளமையில் அக்கழகத்தைப் போற்றி ஒரு பாட்டெழுதி அனுப்ப, அது 1692இல் அச்சாயிற்று. நகையாடுதற்குரிய செய்திதான், எனினும் தன்டனை யாம் முற்றும் பழியோம். கழகத்தைப் பெருக்கிக் காட்டினார் எனினும், பெயர்சொல்ல அஞ்சியவனுக்கும் வாய்திறக்க ஓர் இடம் அமைத்துக் கொடுத்தவர் அவர். அவர் முறையின் குறை வேறு. எல்லா விடையும் மேலிருந்து கீழே இறங்கின. படிப்பவர் கேட்டனரேயன்றித் தமக்குள் பேசிக்கொள்ளவில்லை. 1697இல் இதழ் நின்றது.

அக்குறையை நீக்கியவர் வில்லியம் தாம்சு. 1849 நவம்பர் 3ஆம் நாள் 'குறிப்புகளும் வினாக்களும்' எனப் பொருள்படும் கிழமை இதழை அவர் இலண்டனில் வெளியிட்டார். அதில் ஆசிரியர் அறிவாளியாய் அமர்ந்து விடை கூறவில்லை. ஒருவர் ஒரு பழஞ்சொல்லையோ பழமொழியையோ கல்லறை எழுத்தையோ குறித்து வினவுவார். எங்கோ ஒரு சிற்றூரில் இருக்கும் வேறொருவர் விடை எழுதுவார். மூன்றாமவர் அவ்விடையைத் திருத்துவார். ஆசிரியர் பணி களை பறிப்பதும் நீர் விடுவதுமே. ஆங்கிலப் பேரகரமுதலியின் ஆசிரியர் மரே, சொற்களைப் பற்றிய தம் ஐயங்களை அவ்விதழில் வெளியிட்டுப் படிப்பவரிடம் விளக்கம் வேண்டினார். 1884இல் முதற்பகுதி வெளிவந்து 1928இல் நிறைவெய்திய அப்பேரகரமுதலி, பெயரறியாப் படிப்பாளர் பல்லாயிரவர் மேற்கோள் திரட்டி அனுப்பியதால் உருவானதன்றோ? தாம்சு தொடங்கிய இதழ் 175 ஆண்டு கடந்து இன்றும் வெளிவருகின்றது.

இனி எம் கதை. முப்பது ஆண்டு இருக்கும். நண்பரொருவர் நடத்திய சிறு திங்களிதழில் மடல் அரங்கு நடத்தும் பொறுப்பை எம்மிடம் ஒப்படைத்தார். முதல் திங்கள் ஒரு மடலும் வரவில்லை. வெறும் பந்தலில் எவன் முதலில் வந்து உட்காருவான்? "நாமே நான்கு பெயரில் எழுதிவிடுவோம், ஐயா, பிறகு தானே வரும்" என்றார் நண்பர். யாமும் இசைந்தோம். வேலூர் அன்பர் ஒருவரை வினவச் செய்தோம். தஞ்சை அன்பர் ஒருவரைச் சினக்கச் செய்தோம். பூசல் சுவைத்தது. மெய்யான மடல்களும் வரத் தொடங்கின. ஆனால் எல்லாம் வசை! எவன் ஆக்கிய சொல் சிறந்தது என்று இரு புலவர்கள் நான்கு திங்கள் மோதினர். இதழ் கூடுதலாக விற்றது, நண்பர் மகிழ்ந்தார். அமைதியாகப் படித்துவந்த பழைய உறுப்பினர் சிலர் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் நின்றதை அவர் நோக்கவில்லை.

அந்நிலையில் ஒருநாள் அகவை முதிர்ந்த பெரியவர் ஒருவர் பேருந்தேறி எம் பள்ளிக்கே வந்துவிட்டார். "அந்த வேலூர்க்காரர் நல்ல வினா கேட்டிருந்தார். அவர் முகவரியைக் கொடுங்கள், தம்பி. ஒருமுறை நேரில் பார்த்துப் பேசவேண்டும்" என்றார். யாம் என்ன சொல்வோம்? இல்லாத ஆளுக்கு ஏது முகவரி? அவர் ஊர் மாறிப் போய்விட்டார் என்று இன்னொரு பொய் சொல்லி அனுப்பினோம். வெயிலில் அவர் திரும்பி நடந்ததை இன்றும் மறக்க இயலவில்லை.

அன்றே நண்பரிடம் சென்று, இனிப் பொய்ப்பெயரும் இல்லை, வசைமடலும் இல்லை. ஒப்பினால் இருப்போம், இன்றேல் விலகுவோம் என்றோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்பினார். எமக்கு மெய்யாகவே விடை தெரியாத ஒன்றை எம் பெயரிலேயே கேட்டோம். எருது பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பை எங்கள் பக்கம் கமலை என்பர். உங்கள் ஊரில் அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் என்ன பெயர் என்பதே வினா. பொறி வந்து கமலை மறைந்துகொண்டிருந்த நேரம் அது.

அத்திங்கள் வந்தவை ஏழே அஞ்சலட்டைகள். நண்பர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் அவ்வேழும் பொன்! கவலை என்றார் ஒருவர். கபிலை என்றார் இன்னொருவர். சால், வடம், வால்கயிறு எனப் படம் வரைந்தே அனுப்பியிருந்தார் ஓர் உழவர். தந்தை சொல்ல மகள் எழுதியதும் ஒன்று. பூசல் நின்றதால் விற்பனை முதலில் சரிந்தது. பின்னர் மெல்ல ஏறிற்று. முன்போல் துள்ளவில்லை, ஆனால் வந்தவர் போகவில்லை.

அவ்வேழனுள் ஒன்று, வேலூர் அன்பரைத் தேடி வந்த அப்பெரியவர் எழுதியது. விடை ஏதும் அதில் இல்லை; வினாவே இருந்தது. சாலை இறக்குதற்கு எருதுகள் பின்னோக்கி மேடேறுமே, அந்நடைக்குத் தனிப்பெயர் உண்டா என்று கேட்டிருந்தார். எமக்குத் தெரியவில்லை. அடுத்த திங்கள் அதனையே முதல் வினாவாக, அவர் பெயருடனும் ஊருடனும் அச்சிட்டோம்.